ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம்

சேவல் கூவியது.

தலைமாட்டிலேயே நின்று கூவியதுபோல் இருந்தது. ரெஜினா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கல்மண்டபத்தில், கயிற்றுக் கடைக்கு மேலே மாடி வீட்டில், ஏது சேவல்?

மறுபடியும் கூவியது. பீரோவின் மேலிருந்து.

அப்பாவின் போன்.

மணி நாலே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. பதினைந்து வருடமாக ஞானதுரையை இந்த நேரத்துக்கு எழுப்பிவிட்ட சேவல், அவர் எழுந்திருக்க மாட்டார் என்று தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனாள்.

"அணைக்காதட்டி. அது பாட்டுக்கு அடிச்சு முடிக்கட்டும்."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் கரண்டி. பின்னால் இட்லிப் பானையிலிருந்து ஆவி.

"செத்துக் கிடந்த போனும்மா இது. யாரு சார்ஜ் போட்டது?"

"நாந்தான், நேத்து."

"எதுக்கு?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா" என்று சொல்லிவிட்டு ரோஸ்மேரி உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அவளிடம் பதில் வாங்க முடியாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் ராயபுரத்துக்கு வாழ வந்தவள். ஊர்ப் பேச்சையும் விடவில்லை, பிடிவாதத்தையும் விடவில்லை.

சேவல் நாலு முறை கூவி ஓய்ந்தது.

முப்பது நாளுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு, கடை ஷட்டரை இழுக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் ஞானதுரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்து நாலு வயது. இன்று மாலை ஐந்து மணிக்கு முப்பதாம் நாள் திருப்பலி. அதன்பின் கல்லறை மந்திரிப்பு. அதற்காகத்தான் ரெஜினா திருவொற்றியூரில் வீட்டையும் பள்ளிக்கூடத்து வேலையையும் விட்டுவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தாள்.

பீரோவை ஒட்டி, அச்சகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டி. முந்நூறு நினைவு அட்டைகள். ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். அப்பாவின் சிரிப்பு. கீழே ஒரு ஜெபம். அதற்கும் கீழே: மனைவி ரோஸ்மேரி, மகள் ரெஜினா, மகன் டென்னிஸ்.

அவ்வளவுதான்.

"அம்மா, அண்ணன் பேரு எங்க?"

"எனக்கு ரெண்டு பிள்ளை" என்றது சமையலறை.

சாலமோன் மூத்தவன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, டாக்டர்கள் கையை விரித்தபோது, 'பிழைத்தால் இவன் உமக்கு' என்று மாதா கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள் ரோஸ்மேரி. பிழைத்தான். பதினேழு வயதில் குருமடம் போனான். சாமியாராக இன்னும் எட்டே மாதம். முதல் பூசைக்கு அவன் போட்டுக்கொள்ள வேண்டிய திருவுடையை, சரிகை வைத்துத் தைத்து வாங்கி, பீரோவில் மடித்து வைத்துவிட்டாள் அம்மா. அந்த நேரத்தில்தான் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "சாமியாராக எனக்கு அழைப்பு இல்லம்மா" என்றான்.

கடவுளிடம் கொடுத்த வாக்கை மகன் முறித்துவிட்டான். அன்று சாத்திய கதவு. நாலு வருடம் ஆகிறது.

அப்பா சாவுக்கு அவன் வந்தான். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே, பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே வரவில்லை. மண் தள்ளி முடித்து ரெஜினா திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம்.

அவன் நம்பர் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் போனை எடுத்து, அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, விரலை வைக்கப் போனாள். எதிர் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த விரல்தான் முப்பது நாளாக அவளைத் தூங்க விடவில்லை. இன்று சாயங்காலம் சாலமோன் கேட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். அது மட்டும் நடக்காவிட்டால் இந்த ஜென்மத்துக்கு இது ஆறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, முகத்தைக் கழுவு. எண்ணூருக்குப் போயிட்டு வந்துரு."

"எண்ணூருக்கா? இன்னைக்கா?"

"அந்தப் படகுக்காரர் தண்டபாணி, அப்பாவ ஞாயிறு தவறாம தண்ணியில கூட்டிட்டுப் போனவரு. ஒரு வார்த்த சொல்லல நம்ம. இதக் குடுத்துட்டு, பூசைக்கு வரச் சொல்லு. அப்பாவோட பைனாகுலரும் நோட்டும் அங்கனதான் கெடக்கும், வாங்கிட்டு வா."

துணிப்பை கனத்தது. வாழையிலையில் மடித்து, பேப்பர் சுற்றி, நூல் கட்டிய பொட்டலங்கள். பையை வாங்கியவளிடம், "இரு" என்று நிறுத்தி, மூடி போட்ட சின்னச் சம்புடம் ஒன்றையும் ஓரத்தில் செருகினாள் அம்மா.

"இது என்ன?"

"சீனி."

"சுகர் இருந்த மனுசனுக்கு நீதான் வாராவாரம் சீனி குடுத்தனுப்பினியாம்மா?"

ரோஸ்மேரி அடுப்பை அணைத்தாள். "வெயிலுக்கு முன்ன கெளம்பு."

*

அப்பாவின் பழைய மொபெட்டில்தான் போனாள். முதல் பூசை முடிந்து அவர் போகும் அதே வழி. இடது பக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில். வலது பக்கம் கருங்கல் கொட்டிய கடல். லாரிகளுக்கு நடுவில் டிரைவர்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சாலையை 'என் காடு, என் மலை' என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர் அவர். ஆறு நாள் நைலான் கயிறும் மிதவையும் பெயின்ட் டப்பாவும் விற்பார். ஏழாம் நாள் கூரைக்கு அடியில் அவரை உட்கார வைக்க யாராலும் முடியாது. சின்ன வயதில் மூன்று பேரையும் வரிசையாக மொபெட்டில் அடுக்கிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போவார். பூநாரைகளைக் காட்டுவார். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஜெபமாலை சொல்லவைப்பார்.

பின்னால் எல்லாரும், "அண்ணாச்சி, எண்ணூர்ல என்ன இருக்கு? சாம்பலும் குழாயும்தான. பழவேற்காடு போலாமே" என்று கேட்டபோது சொன்னார்: "நல்லாருக்கவங்களப் பார்க்க ஆயிரம் பேர் போவாங்க. நோயாளியப் பார்க்கப் போனாத்தான் புண்ணியம்."

கழிமுகத்துப் பாலத்துக்குக் கீழே மொபெட்டை நிறுத்தினாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அந்தப் பக்கம். சேறு சாம்பல் நிறத்தில் மினுங்கியது. கழுத்தளவு தண்ணீரில் இரண்டு பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லில் கடித்த கூடை அவர்களுக்கு முன்னால் மிதந்தது.

"நில்லும்மா, நில்லும்மா! செருப்ப அவுத்துட்டு ஏறு!"

கரையில் கட்டியிருந்த ஃபைபர் படகிலிருந்து குரல் கொடுத்தவருக்கு அறுபது வயது இருக்கும். வெற்றுடம்பு. தலையில் துண்டு.

"படகுக்குமா?"

"அண்ணாச்சி ரூல்சும்மா அது. கோயில்ல ஒரு சாமி, தண்ணில ஒரு சாமியா தண்டபாணின்னுவாரு. முப்பது வருசமா இந்தப் படகுல செருப்போட ஏறிக்கினு இருந்தவன் நானு. இப்போ எனுக்கே ஒரு மாதிரியா கீது. நீ ரெஜினா தானே? அப்டியே அண்ணாச்சி மூஞ்சி உனுக்கு."

அவள் செருப்பைக் கழற்றினாள். பையை நீட்டினாள்.

"அம்மா குடுத்தனுப்பினாங்க. உங்களுக்கு."

"எனுக்கா?" தண்டபாணி பையைத் திறந்து பார்த்தார். முகம் கோணியது. "எனுக்கு ஏதும்மா இட்லி? நான் காலைல பழையது துன்ற ஆளு. இது அவுருக்கு..."

முடிக்கவில்லை. படகின் மறுகோடியில், குவித்துப் போட்ட வலைக்கு அந்தப் பக்கம், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பினான்.

"ரெஜி."

தாடி வளர்ந்திருந்தது. இளைத்திருந்தான். மற்றபடி அதே சாலமோன்.

அவள் கால் தானாக நடந்தது. படகு ஆடியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தண்டபாணி கழியை எடுத்து, கரையை ஓர் உந்து உந்தி, படகைத் தண்ணீருக்குள் விட்டார். இரண்டு பேரும் அழட்டும், கரையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"எத்தன நாளாண்ணே?"

"நாலு வருசம். வீட்ட விட்டுப் போன மூணாவது வாரமே தேடி வந்துட்டாரு. அத்திப்பட்டு பக்கம் கன்டெய்னர் யார்டுல கேட் பாஸ் போடற வேல எனக்கு. வாசல்ல மொபெட்ட நிறுத்திட்டு, 'ஞாயித்துக்கிழமை லீவுதான? பறவை பார்க்க வா'ன்னாரு. ஏன் வெளிய வந்தேன்னு கேக்கவே இல்ல. ஒரு தடவ கூட."

"நமக்கு யாருக்கும் சொல்லவே இல்லியே."

"பொய் சொல்லலடி. கழிமுகத்துக்குப் போறேன்னுதான சொல்வாரு? அதுவும் உண்மைதான!" என்று லேசாகச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னிக்கு நான் இங்கதான் உக்காந்திருந்தேன் ரெஜி. அப்பா லேட்டே ஆக மாட்டாரு. டயர் பஞ்சராயிருக்கும்னு நெனச்சேன். போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். நம்ம கடைப் பக்கமா வந்த ஆளு ஒருத்தர் இவருக்குப் போன் பண்ணிச் சொன்னாரு."

"நான் எப்டிம்மா சொல்வேன்?" என்றார் தண்டபாணி, தண்ணீரைப் பார்த்தபடியே. "கை காலு ஓடல. நைனா செத்துட்டாருடான்னு புள்ளைக்குச் சொல்ற வேல எனுக்கு வந்துச்சு பாரு."

"என்கிட்ட உன் நம்பர் இருந்துச்சுண்ணே. போன கையில எடுத்தேன். அம்மா எதிர்ல உக்காந்திருந்தாங்க. பண்ணல."

அவன் கோபிக்கவில்லை. அது இன்னும் வலித்தது.

படகு அலையாத்திப் புதர்களின் ஓரமாக ஒதுங்கி நின்றது. பலகைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார் தண்டபாணி. அப்பாவின் பைனாகுலர். அப்பாவின் நோட்டு. பக்கத்தில், சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டையும் மாட்டியிருந்தது. தண்டபாணியின் பேரப்பிள்ளையுடையது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

நோட்டைப் பிரித்தாள். தேதி. பார்த்த பறவை. ஒவ்வொரு பறவைக்கும் எதிரே ஒரு பெயர்.

செம்பருந்து - ரோஸ்மேரி முழங்கால் வலி.
நீர்க்காகம் - டென்னிஸ், நல்ல புத்தி.
கூழைக்கடா - கரண்ட் ஆபீஸ் சுந்தரத்தின் மகள் கல்யாணம்.
ஆலா - தண்டபாணி வலை.
குட்டிக் கொக்கு - ஜெனி காய்ச்சல்.
நாரை - ரெஜினா, பிள்ளை வரம்.

"ஒரு பறவைக்கு ஒரு ஆளு" என்றான் சாலமோன். "பார்த்த உடனே அந்த ஆளுக்காக ஒரு மந்திரம் சொல்லிருவாரு. உன் பேருக்கு எப்பவும் நாரைதான். 'நாரை வரலன்னா ரெஜினா பாக்கியாயிடுவாளே'ன்னு வெயில்ல காத்துக் கெடப்பாரு."

கல்யாணமாகி ஆறு வருடம். அப்பா ஒரு நாளும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காதவர் இங்கே வந்து, சேற்றைப் பார்த்துக்கொண்டு, நாரைக்காகக் காத்திருந்திருக்கிறார். யாரோ ஜெனியின் காய்ச்சலுக்கும், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கும் சேர்த்து.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி பாதியில் நின்றது: 'இந்த வருடத்தின் முதல் உள்ளான் வந்த நாள் -'

"வந்துட்ச்சும்மா" என்றார் தண்டபாணி. "அண்ணாச்சி போன மறு வாரமே வந்துட்ச்சு. அதோ பாரு."

சேற்று மேட்டில் சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள், நீளமான மூக்கால் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ பனி விழும் தேசத்திலிருந்து, அவரைப் பார்க்க என்று வந்து, அவர் இல்லாத கரையில் இரை தேடின.

சாலமோன் பொட்டலத்தைப் பிரித்தான். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தோய, ஊறிப்போன இட்லிகள். வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு பையைத் துழாவியவன் அந்தச் சம்புடத்தைத் தொட்டதும் நின்றுவிட்டான். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தனியாகக் கட்டியிருந்த சின்னப் பொட்டலத்தையும் பிரிக்காமல் எடுத்து ஓரமாக வைத்தான்.

அம்மா பழக்க தோஷத்தில் கட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ரெஜினா நினைத்தாள். அவள் மனம் சாயங்காலத்தில் இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு நீ வரணும். எங்களோட முன் பெஞ்சுல உக்காரணும்."

"வேண்டாம்டி."

"அப்பாவுக்காக."

"அப்பாவுக்காகத்தான் சொல்றேன். அம்மா கூப்பிடாம உள்ள வந்தா அப்பாவோட நாள் சண்டை நாளாயிடும். நான் கேட்டுக்கு வெளியவே நிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்." சிறிது நிறுத்தினான். "கடைசி ஞாயிறு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'இனிமே ஒளிக்க முடியாதுடா. வர்ற சனிக்கிழமை கடைய சீக்கிரம் மூடிட்டு, உங்கம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்'னாரு."

சனிக்கிழமை.

ரெஜினா கைப்பையிலிருந்து நினைவு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பெயர்களைப் படித்தான். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு மேலே அப்பாவின் படத்தைப் பார்த்தான்.

"கழுத்துல பைனாகுலர் தொங்குமே இந்த போட்டோல. அதையும் வெட்டிட்டீங்களா?" என்றான்.

*

"அக்கா, அம்மா பார்த்தா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து முப்பதாம் நாள் பூசை வைக்கும்" என்றான் டென்னிஸ்.

"வைக்கட்டும். நீ மேல போ, நான் எழுதிக்கறேன்."

"முந்நூறு கார்டுக்கா! உனக்கு இன்னா பைத்தியமா?" இருபத்தைந்து வயது. அப்பா போன மறுநாளிலிருந்து ஷட்டரைத் தொடவே பயப்படுகிறவன். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கல்லாப்பெட்டியில் துழாவி இன்னொரு பேனாவை எடுத்தான். "என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். பரவால்லயா?"

"பேரு புரிஞ்சா போதும்."

பாதி திறந்த ஷட்டருக்கு உள்ளே, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து இருவரும் எழுதினார்கள். 'மகள் ரெஜினா' என்பதற்கு மேலே, கிடைத்த இடைவெளியில், நீல மையில்: மகன் சாலமோன். மகன் சாலமோன். மகன் சாலமோன். எழுத எழுத விரல் வலித்தது. அந்த விரல் வலித்தது ரெஜினாவுக்கு நன்றாக இருந்தது.

நூறைத் தாண்டியதும் டென்னிஸ் தலை நிமிராமல் பேசினான்.

"அன்னிக்கு அப்பா எட்டு மணிக்கே கடைய மூடச் சொன்னாருக்கா. எப்பவும் ஒன்பதரை. 'இன்னா நைனா, ஏதாவது சினிமாவா?'ன்னு கலாய்ச்சேன். 'உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் பேசணும்டா. பயமா இருக்கு, நீயும் கூட இரு'ன்னு சிரிச்சாரு. நான் மேல லைட்ட அணைக்கப் போனேன். அவரே ஷட்டர இழுத்துட்டாரு. நான் இழுத்திருக்கணும்."

ரெஜினா அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த அட்டையை எடுத்தான்.

மூன்று மணிக்கு முந்நூறும் முடிந்தது. மேலே அம்மா நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை படிக்கட்டு வரைக்கும் வந்து நின்றது. கீழே இறங்கவில்லை.

*

கோயில் நிறைந்திருந்தது. கயிறு வாங்கும் விசைப்படகுக்காரர்கள், பக்கத்துக் கடை காஜா மொய்தீன், இறால் மணத்தோடு தண்டபாணி. ஒவ்வொரு பெஞ்சாக நின்று டென்னிஸ் அட்டைகளை நீட்டினான்.

"நம்ம ஞானதுரை அண்ணாச்சி ஒரு நாளும் பூசைக்குத் தவறினதில்ல" என்றார் பங்குத்தந்தை பிரசங்கத்தில். "ஆனா என் பிரசங்கம் பத்து நிமிஷத்தத் தாண்டினா ஜன்னல் வழியா வானத்தப் பார்க்க ஆரம்பிச்சிடுவார். அதப் பார்த்து நான் முடிச்சுக்குவேன். இன்னைக்கு எப்ப முடிக்கறதுன்னே எனக்குத் தெரியல."

சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காணிக்கைப் பவனியில் டென்னிஸ் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துப் போனான். ரெஜினா பைனாகுலரைப் பீடத்தில் வைத்தாள். திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் ஒரு நினைவு அட்டை இருந்தது.

பக்கத்தில் இருந்தவள் கொடுத்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி இல்லாததால் எட்டப் பிடித்துப் பார்த்தாள் ரோஸ்மேரி. நீல மையில் அவள் கட்டைவிரல் போய் நின்றது. அழிகிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு தடவை தேய்த்தாள். மை அழியவில்லை.

ரெஜினா பெஞ்சின் ஓரத்திலேயே நின்றாள்.

அம்மா அட்டையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். பீடத்தைப் பார்த்து முழங்காலிட்டாள். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. அந்த முழங்கால் வலிக்காக எத்தனை செம்பருந்துகளை அப்பா தேடினாரோ!

கல்லறைத் தோட்டத்தில் கடல் காற்று. வெள்ளையடித்த புது மேட்டின் நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மூன்று நின்றன, ஒன்று அணைந்து அணைந்து போனது. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பூவைப் போட்டுவிட்டு, வீட்டில் சாப்பாடு என்று கிளம்பினார்கள். ரோஸ்மேரி மட்டும் குனிந்து, அணைகிற மெழுகுவர்த்திக்குக் கையைக் குவித்துக் காவல் இருந்தாள்.

ரெஜினா கேட்டைப் பார்த்தாள்.

நின்றிருந்தான். பூக்காரி கூடைக்குப் பக்கத்தில். முப்பது நாளுக்கு முன் நின்ற அதே இடம். இன்று துவைத்த வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தான்.

"அம்மா" என்றாள் ரெஜினா. "நான்தான் எல்லா அட்டையிலயும் எழுதினேன். திட்டறதா இருந்தா என்னையத் திட்டு. ஆனா அன்னிக்கு நான் ஒரு போன் பண்ணியிருந்தா, அவன் அப்பா முகத்தக் கடைசியா ஒரு தரம் பார்த்திருப்பான். பண்ணல, உனக்குப் பயந்து. இனிமே பயப்பட மாட்டேன். அவனக் கூப்பிடப் போறேன்."

ரோஸ்மேரி மெழுகுவர்த்தியிலிருந்து கையை எடுத்தாள். அது அணையவில்லை.

"நீ கூப்பிட வேண்டாம்" என்றாள்.

எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கேட்டை நோக்கி நடந்தாள். டென்னிஸ் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "போச்சு, அசிங்கமாகப் போவுது" என்று முணுமுணுத்தான். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

சாலமோன் அம்மா வருவதைப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான். பிறகு நின்றான்.

இருவருக்கும் நடுவில் கேட்டின் இரும்புப் பட்டி மட்டும். நாலு வருடத்தில் முதல் முறையாக அம்மா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். இளைத்த தோளைப் பார்த்தாள். பார்வை சட்டைப்பையில் வந்து நின்றது. அங்கே அந்தச் சின்னச் சம்புடம் துருத்திக்கொண்டிருந்தது.

"காலி பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

சாலமோனின் கை சட்டைப்பைக்குப் போனது. தலையை ஆட்டினான்.

ரோஸ்மேரி கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். இரும்பு கடகடவென்று ஆடியது.

"மூணு இட்லிக்கு மேல தொடாத மனுசன், நாலு வருசமா எட்டு இட்லி கட்டிக்கிட்டுப் போனா அது யாருக்குன்னு கட்டிக் குடுக்கவளுக்குத் தெரியாதால? போன கிறிஸ்மஸ்ல இருந்து, பொடி தடவாம ரெண்டு, தொட்டுக்கச் சீனி தனியான்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரே... அந்தப் பிள்ளைக்கு என்னல பேரு?"